கல்லறை மண்ணில் கண்ட மிளகு: ஒரு திருத்தம்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் தொழில் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கேட்டனர். மூன்று முறையும் உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுத்தேன். உண்மையில் என் உடல்நலத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எழுதத் தொடங்கினால் மிளகைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்; அதைத் தவிர்க்கவே மறுத்தேன்.

ஒஸ்லோவில் நம்மவர் கூடும் மேடைகளில் என்னை அறிமுகம் செய்பவர்கள், "எங்களுக்கு எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தியே எங்கட மிளகு இஞ்சை வந்திட்டுது எண்டு கண்டுபிடிச்ச ஐயா" என்று சொல்வது வழக்கம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக இந்த வாக்கியத்தை, அடக்கம் என்று பிறர் கருதத்தக்க ஒரு பாவனையுடன், தலைகுனிந்து கேட்டு வந்திருக்கிறேன். அந்த வாக்கியம் பிழையானது. அதை முதலில் சொன்னவன் நானே. சொன்ன மறுநாளே அதன்மீது எனக்கு ஐயம் பிறந்துவிட்டது. பின்னர் ஐயத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. ஆயினும் நான் திருத்தவில்லை.

சென்ற மாதம், நான் முன்பு பணிபுரிந்த பழம்பொருள் நூதனசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் பின்னர் மறுப்பதற்குக் காரணம் ஏதும் மிஞ்சவில்லை. ஓர் எழுத்தும் மாற்றப்படலாகாது என்ற நிபந்தனையுடன் இதனை மலர்க்குழுவிடம் ஒப்படைக்கிறேன்.

என் கல்வியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். யாழ்ப்பாணத்தில் தாவரவியலில் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் கற்பித்தேன். பின்னர் நாட்டு நிலைமை என்னை நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் கொண்டுவந்து நிறுத்தியது. அங்கிருந்து ஒஸ்லோ; ஓர் உணவகத்தின் பின்கட்டு; மாலை வகுப்புகளில் நோர்வே மொழி. நாற்பதை நெருங்கும் வயதில் நூதனசாலையின் அடித்தளத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அகழ்வாய்வுகளில் எடுத்த மண்ணைக் கழுவி, அதிலுள்ள விதைகளைப் பிரித்தெடுக்கும் வேலை. பட்டதாரி ஒருவர் மண் கழுவுவதா என்று வியந்தவர்களிடம் 'ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்' என்ற என் பதவிப் பெயரைச் சொல்வேன். பதவிப் பெயர் உண்மையானது. மண்ணும் உண்மையானதே.

இந்த நகரத்தில் எங்கே புதிய பாதை போட்டாலும், எங்கே கட்டடம் எழுப்பினாலும், பழைய ஒஸ்லோ வெளிப்படும். துறைமுகத்தை ஒட்டிய சேற்று மண் காற்றுப் புகாதது. அதில் அகப்பட்ட பொருள் எளிதில் அழிவதில்லை. அந்த மண் எங்களிடம் மூடியிட்ட வாளிகளில் வரும். ஒவ்வொரு வாளியிலும் இரண்டு அட்டைகள் இருக்க வேண்டும்: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வாளியைத் திறந்ததும் மண்ணைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தொடாமலே குளிரறைக்கு அனுப்புவோம். மற்றப் பாதியை நீரில் ஊறவைத்து, கையால் மெல்லக் கலைத்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய மூன்று அரிதட்டுகளின்மேல் ஊற்றுவோம். மேல்தட்டின் கண்கள் பெரியவை. அடித்தட்டின் கண்கள் மணலையும் நிறுத்தக்கூடிய அளவு சிறியவை. ஒரு மாதிரியைக் கழுவி முடித்து, அரிதட்டுகளைத் தூரிகையால் தேய்த்துக் காய வைக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. மேலங்கி கட்டாயம். மேலங்கிக்கு மேல் எதையும் அணியக்கூடாது. இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த விதிகளை வகுத்தவர் என் மேலதிகாரியான இங்கெர் என்ற பெண்மணி. என்னைவிட ஆறு வயது மூத்தவர்; நெடிய உருவம்; கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நோர்வே மொழியில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு வழக்கொழிந்துவிட்டது. அவர் பேச்சை இங்கே மரியாதைப் பன்மையில் எழுதுவது என் தெரிவு. இங்கெர் எவரையும் பாராட்டியதை நான் கேட்டதில்லை. எதைக் காட்டினாலும் கண்ணாடியை அணிவார், குனிந்து பார்ப்பார், பின்னர் ஒரே கேள்வியைக் கேட்பார்:

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதல் இரண்டு ஆண்டுகள் அதனை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். அகதியாக வந்தவனின் பட்டத்தை நம்பாத கேள்வி என்றே நினைத்தேன். ஒருநாள் அதே கேள்வியை அவர் ஒரு பேராசிரியரிடமும் அதே குரலில் கேட்டதைக் கண்ட பின்னர்தான் என் மனம் சற்று இளகியது.

அவர் முறை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு தேவாலயத்தின் அருகே கிடைத்த மண்ணில், விசிறி வடிவச் சிப்பி ஓடொன்று வந்தது. அடிப்பகுதியில் இரண்டு துளைகள். இடைக்காலத்தில், ஸ்பெயினின் மேற்குக் கோடியில் ஓர் அப்போஸ்தலரின் கல்லறைக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் நடந்து போனார்கள். போய் வந்ததன் அடையாளமாக இத்தகைய சிப்பியை உடையில் தைத்துக்கொண்டார்கள். எனக்கு உடனே நம்மவரின் கதிர்காமப் பாதயாத்திரை நினைவுக்கு வந்தது. வடக்கிலிருந்து புறப்பட்டு, திருகோணமலை, மட்டக்களப்புக் கரையோரமாக நடந்து, போகும் இடமெல்லாம் பாட்டும் கதையும் பழக்கமும் பரிமாறி, சில காலங்களில் வாந்திபேதியையும் காவிச் சென்ற யாத்திரை அது. ஆர்வத்துடன் இங்கெரிடம் ஓடினேன்.

"ஒஸ்லோவிலிருந்து ஒருவர் ஸ்பெயினுக்கு நடந்து போய்த் திரும்பியிருக்கிறார்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துளைகள் இருக்கின்றன."

"உடையில் தைத்தார் என்பதற்குத் துளை சான்று. ஸ்பெயினுக்குப் போனார் என்பதற்கு எது சான்று? இந்தச் சிப்பி நம் கடலிலும் இருக்கிறது. போகாதவரும் தைத்துக்கொள்ளலாம்."

கதிர்காமம் போகாமலே காவி உடுத்துத் திரிந்த இருவரை எனக்கு நேரில் தெரியும்.

அந்த அடித்தளத்தில் இருந்தபடி நான் கண்ட உலகம் பெரிது. மலக்குழி மண்ணில் அத்திப்பழ விதைகள். இந்தக் குளிரில் அத்தி காய்க்காது, ஆகவே உலர்பழமாகக் கப்பலில் வந்தவை. ரைன் ஆற்றங்கரைக் களிமண்ணில் செய்த குடுவைத் துண்டுகள். ஒரு கைவிரல் அகலப் பட்டுநாடா. தானியம் வந்த கப்பலில் எலி வந்தது. எலியோடு கொள்ளைநோயும் வந்தது என்பார்கள். ஒரே கப்பலில் வேதநூலும் நோயும் உப்பும் வந்து இறங்கியதை எண்ணும்போது, கழுவும் நீரின் குளிர் மறந்துபோகும். ஆனால் எல்லாம் ஐரோப்பாவோடு, அதிகம் போனால் மத்தியதரைக் கடலோடு, நின்றுவிட்டன. நம் கடலிலிருந்து ஏதாவது வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஓர் ஏக்கமாகவே இருந்தது. மலையாளக் கரையில் ஏற்றிய மிளகு அரபுக் கப்பல்களில் செங்கடல் போய், எகிப்தின் சந்தைகளைக் கடந்து, வெனிஸ் வணிகர் கைக்கு வந்து, ஜெர்மன் வணிகர்களின் கப்பலில் வடக்கே ஏறியது என்பதற்கு ஏடுகளில் சான்று உண்டு. எங்கள் அரிதட்டில் மட்டும் ஒரு மிளகும் விழவில்லை.

பிறகு அந்தக் கல்லறை மண் வந்தது. பழைய தேவாலயம் ஒன்றின் இடுகாட்டில், ஒரே குழியில் இருவர். அவசரத்தில் தோண்டிய, ஆழமில்லாத குழி. கொள்ளைநோய்க் காலத்ததாக இருக்கலாம் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. அத்தகைய எலும்புக்கூட்டின் இடுப்பெலும்புக் கிண்ணத்துள் இருக்கும் மண்ணைத் தனியே எடுப்பார்கள். இறந்தவர் கடைசியாக உண்டதன் எச்சம், குடற்புழுக்களின் முட்டைகள் முதலியவை அதில் இருக்கக்கூடும். அந்த மண்ணைக் கழுவும் பொறுப்பை இங்கெர் என்னிடம் தந்தார்.

அன்று வியாழக்கிழமை. அடித்தளத்தின் வெப்பமூட்டி பழுதாகியிருந்தது. விதியை மீறி, மேலங்கிக்கு மேல் என் கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டேன். நீர் தெளிந்து, மேல்தட்டில் சிறு கற்கள், வேர்த் துண்டுகள், அவற்றின் நடுவே, சுருங்கிய தோலுடன், கரிய, உருண்டையான ஒன்று. சாமண இடுக்கியால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. நான் தனியாக நின்று கையைக் கூப்பினேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இங்கெர் வந்தார், கண்ணாடியை அணிந்தார், வழக்கத்தைவிட நீண்ட நேரம் குனிந்திருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பிறந்த நாட்டில் இதனை எவரும் கேட்கமாட்டார்கள்" என்றேன். "இது மிளகு. சமையலறையில் எழுந்து நடந்த வயதிலிருந்து தெரியும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிறுமியின் மகிழ்ச்சியை அன்றுதான் கண்டேன். நோய் கண்ட ஒருவர், நச்சுக்காற்றை வாசனைப் பொருள்கள் விரட்டும் என்ற அக்கால நம்பிக்கையில், யாரோ தந்த விலைமதிப்பற்ற மிளகை விழுங்கியிருக்கலாம் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசினோம். இது என்ன பொருள் என்ற கேள்விக்கு என் பதில் சரியானது. இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை, வாழ்நாள் முழுவதும் சான்று கேட்டே வந்த இங்கெரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அறிக்கை எழுதி முடியும்வரை வெளியில் பேசக்கூடாது என்பது விதி. நான் இரண்டு நாளுக்குமேல் பொறுக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபத்தில் நம்மவர் கூட்டம். முன்னுரையாற்றும்படி அழைத்திருந்தார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் என் வாயிலிருந்து மிளகு வந்துவிட்டது. "நாங்கள் இந்த நாட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்கள் அல்லர், எங்கள் மிளகு எங்களுக்கு முன்பே வந்து இடம்பிடித்திருக்கிறது" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மட்டக்களப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இவங்கள் எங்களைப் பாத்து எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கட்டும், மிளகைக் காட்டுவம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். கார்த்திக் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஹொல்ம்லியாவில் குடியிருந்த பொறியியலாளர். அவர் மிகவும் பணிவாகக் கேட்டார்: "சார், ரொம்ப சந்தோஷம். ஒரு டவுட். அது அந்தக் காலத்து மிளகுதான்னு எப்படி சார் கன்ஃபர்ம் பண்ணாங்க?"

இங்கெரின் கேள்வி தமிழில் எழுந்து நின்றது. நான் அதை அடையாளம் காணவில்லை.

"தம்பி, மிளகைத் தெரியாத தமிழனும் இருக்கோ?" என்றேன். மண்டபம் சிரித்தது. யாரோ, "இந்தியாவிலை தூள் பக்கற்றிலைதானே வாங்குறவை" என்று சேர்த்துக்கொடுத்தார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்த இளைஞரும் சிரித்தபடியே அமர்ந்தார். அவர் காதுகள் சிவந்திருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

மறுநாள் காலை. என் மனைவி பரமேஸ்வரி சலவைக்கு உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ" என்று அழைத்தார். "உங்கட சுவெற்றர்ப் பொக்கற் ஓட்டை. எத்தினை தரம் சொன்னனான், மிளகை ஒரு சின்னப் பேணியிலை போட்டுக் கொண்டுபோங்கோ எண்டு. உள்ளுக்கை எல்லாம் உருண்டு திரியுது."

இங்கே ஒரு விளக்கம் தேவை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நான் தேவாரம் பாடுவதைப் பலரும் அறிவார்கள். குளிர்காலத்தில் தொண்டை கட்டாதிருக்க, முதல்நாளே மிளகை வாயில் அடக்கிக்கொள்வது என் பழக்கம். பாடுகிறவர்கள் பலரிடமும் இது உண்டு. வேலைக்குப் போகும்போதும் சட்டைப் பையில் சில மிளகுகள் இருக்கும். அது இருப்பதையே மறந்துபோகும் அளவுக்குப் பழகிப்போன ஒன்று.

நான் சட்டையை வாங்கிக் கவிழ்த்தேன். உள்துணியின் மடிப்பிலிருந்து மூன்று மிளகுகள் விழுந்தன.

"வியாழக்கிழமை எத்தினை தந்தனீர்?" என்று கேட்டேன்.

"ஆறு. ஒவ்வொரு கிழமையும் ஆறுதான். ஏன், என்ன முகமொரு மாதிரிப் போகுது?"

ஆறில் மூன்று இங்கே. அன்று நான் வாயில் போட்டது இரண்டா, மூன்றா? மூன்றாயின் கல்லறை மிளகு கல்லறையினுடையது. இரண்டாயின் அது என்னுடையது. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. சமையலறைக் கதிரையில் அமர்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்னர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அதைச் சொன்னது அவரல்ல, நான்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "மேடையிலை உங்களைப் புகழேக்கை நான் முன்வரிசையிலை இருந்து என்ன முகம் வைக்கிறது? அதையும் சொல்லித்தாங்கோ."

திங்கட்கிழமை சுரங்க ரயிலில், சொல்ல வேண்டிய நோர்வே வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். பதினோரு ஆண்டு உழைப்பில் ஈட்டிய பெயர் ஒரு காலையில் போகும் என்பதே என் எண்ணம். கவனமில்லாதவன், விதியை மீறியவன், மாதிரியைக் கெடுத்தவன் என்ற சொற்கள் காத்திருந்தன. கம்பளிச் சட்டையை ஒரு பையில் இட்டுக் கையில் எடுத்துச் சென்றிருந்தேன். இங்கெரின் மேசையில் அதை வைத்து, அடுக்கி வைத்த வாக்கியங்கள் அனைத்தையும் மறந்து, "என் சட்டைப் பையில் மிளகு இருந்தது. பையில் ஓட்டையும் இருந்தது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியை அணிந்து, குனிந்து பையின் ஓட்டையைப் பார்த்தார். பிறகு கையுறை அணிந்து, மூன்று மிளகுகளையும் ஒரு சிறு பையில் இட்டு, அட்டை எழுதினார்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சட்டையையும் அவ்வாறே.

"நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்" என்றார். "எங்கிருந்து வந்தது என்ற இரண்டாவதையும் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது."

என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கல்லறை மிளகை இரண்டாக வெட்டும் வேலையை அவர் என்னிடமே தந்தார். ஒரு பாதி, காலத்தைக் கணிக்கும் ஆய்வகத்துக்கு. மறு பாதி எங்களிடம். கத்தியின் முனை கரிய தோலைப் பிளந்தது. உள்ளே வெளிர்ந்த சதை. அதோடு வாசனையும் எழுந்தது. நாற்றமடிக்கும் சேற்று வாளிகளின் நடுவே, எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு கணம் வந்து நின்றது. எனக்கு விடை தெரிந்துவிட்டது. நூற்றாண்டுகள் சேற்றில் கிடந்த விதை எதிலும் நான் அப்படி ஒரு வாசனையை அறிந்ததில்லை.

"ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மணந்து பாருங்கள்."

குனிந்து மணந்தார். "மிக நல்ல வாசனை" என்றார். "ஆனால் வாசனையை அறிக்கையில் எழுத முடியாது. அனுப்புங்கள்."

விடை வரும்வரை குளிரறையிலிருந்த மறுபாதி மண்ணை இருவரும் சேர்ந்து கழுவினோம். மேலங்கிக்கு மேல் எதுவுமில்லை. பைகளே இல்லாத புதிய உடை. உள்ளே நுழையுமுன் ஒருவரை ஒருவர் சோதித்தோம். பார்லித் தவிடு, காட்டுப்பழ விதைகள், குடற்புழு முட்டைகள். மிளகு இல்லை. பனி உருகத் தொடங்கிய காலத்தில் ஆய்வகத்தின் விடை ஒரே வரியில் வந்தது: மாதிரி இக்காலத்தது. அறிக்கையிலும் ஒரே வரிதான் இடம்பெற்றது: முதலில் கிடைத்த மிளகு, கழுவும்போது பணியாளரின் உடையிலிருந்து விழுந்தது. இங்கெர் அதில் என் பெயரைக் குறிப்பிடவில்லை. என் வேலையும் போகவில்லை. அவர் செய்தது வேறொன்று. மீந்த அரை மிளகையும் சட்டைப் பையின் மூன்று மிளகுகளையும் ஒப்பீட்டு விதைகளின் இழுப்பறையில் சேர்த்து, அதற்கும் அட்டை எழுதினார். அந்த அட்டையில் என் பெயர் இருந்தது. எங்கிருந்து பெறப்பட்டது என்பதை எழுதாமல் எந்த விதையும் அந்த இழுப்பறைக்குள் போகக்கூடாது என்பது அவர் விதி.

நூதனசாலைக்குள் என் பெயர் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. வெளியில் அதை நானே காப்பாற்றிக்கொண்டேன், மௌனத்தால். "மிளகு என்ன மாதிரி ஐயா?" என்று கேட்டவர்களிடம் "ஆய்வு நடந்துகொண்டிருக்கு" என்றேன். கேட்பது நின்றுவிட்டது, புகழ்வது நிற்கவில்லை. மேடைகளில் பரமேஸ்வரி முன்வரிசையை விட்டு மூன்றாம் வரிசைக்கு மாறிக்கொண்டார்.

ஒருமுறை உள்ளூர் ரயிலில் கார்த்திக் என் எதிரே வந்து அமர்ந்தார்.

"வணக்கம் சார். அந்த ரிப்போர்ட் வந்துடுச்சா? படிக்கணும்னு ஆசை."

"அது நோர்வே மொழியிலை இருக்குத் தம்பி."

"பரவால்ல சார், இப்போ நல்லாவே படிக்கக் கத்துக்கிட்டேன்."

நான் அடுத்த நிலையத்தில், என் நிலையம் அல்லாத இடத்தில், இறங்கிக்கொண்டேன். மழையில் அரைமணி நேரம் அடுத்த ரயிலுக்கு நின்றேன்.

இனி அந்தக் கடிதம். இங்கெர் ஓய்வுபெற்ற பின்னர், நான் ஓய்வுபெறும் ஆண்டில், சில்யெ என்ற தாவரவியலாளர் அங்கே சேர்ந்தார். சென்ற மாதம் அவர் எழுதினார்: துறைமுகப் பகுதியின் இடைக்கால மலக்குழி ஒன்றில், நகக்கீற்றளவுகூட இல்லாத இரண்டு கரிய ஓட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பற்றி என்னிடம் பேச வேண்டும், வர முடியுமா?

போனேன். அடித்தளத்தில் வெப்பமூட்டி புதிது. சில்யெ துண்டுகளைக் காட்டி, "மிளகு" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

அவர் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஓட்டின் உயிரணு அடுக்குகளைப் பெருக்கிய படங்கள். காலக் கணிப்பு: இடைக்காலம், ஐயமில்லை. குழியின் மூடப்பட்ட அடுக்கு. கழுவியவர்களின் உடை பற்றிய பதிவு. அது இப்போது கட்டாயமாம், காரணம் அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக, ஒப்பிட்ட விதை. துண்டுகளில் உள்தசை அழிந்து ஓடு மட்டுமே எஞ்சியிருந்ததால், முழு மிளகோடு ஒப்பிட இயலவில்லை. குறுக்கே வெட்டப்பட்டு ஓட்டின் அடுக்குகள் தெரியும் ஒன்று தேவைப்பட்டது. இழுப்பறையில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் எனக்கு எழுதினாராம்.

"இது எப்படி இங்கே வந்தது என்று அறிக்கையில் எழுத வேண்டும்" என்றார். "விரும்பாவிட்டால் பெயரை நீக்கிவிடுகிறேன்."

நான் ஒருநாள் அவகாசம் கேட்டேன். வீட்டுக்கு வந்து பரமேஸ்வரியிடம் சொன்னேன். "நீங்களே முடிவெடுங்கோ" என்றார்; சற்றுப் பொறுத்து, "முன்வரிசையிலை கால் நீட்ட இடம் கூட" என்றார். பிறகு கார்த்திக்கின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தேன்.

"சார், நீங்களா?" அவர் குரலில் வியப்பு.

"ஓம். அண்டைக்கு ட்வெய்ட்டாவிலை நீர் ஒரு கேள்வி கேட்டனீர். நான் பதில் சொல்லேல்லை. சொல்ல வேணும். நூதனசாலைக்கு வரேலுமோ?"

"எந்தக் கேள்வி சார்?" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "வர்றேன் சார்."

அவருக்கும் இப்போது தலை நரைத்திருக்கிறது. நுணுக்குக்காட்டியில் அந்தக் கரிய துண்டுகளை நெடுநேரம் பார்த்தார். கடல்கள் கடந்து, எத்தனையோ மொழிகள் பேசிய கைகளில் மாறி மாறி வந்து, ஒஸ்லோவில் யாரோ ஒருவரின் உணவில் விழுந்த மிளகு. அதை விளைவித்தவர்கள் மலையாளக் கரையினர். 'எங்கட மிளகு' என்று நான் மேடையில் உரிமை கொண்டாடியதற்கு அந்த வகையிலும் ஆதாரமில்லை. பின்னர் ஒப்பீட்டு மிளகை வைத்தார் சில்யெ. கார்த்திக் அதைவிட அதன் அட்டையையே அதிக நேரம் வாசித்தார். இங்கெரின் நேரான கையெழுத்து: கறுப்பு மிளகு. இக்காலத்தது. பெறப்பட்ட இடம்: பணியாளரின் கம்பளிச் சட்டைப் பை. அதன்கீழ் என் முழுப்பெயர்.

"சார்," என்றார் மெல்ல, "இதுல உங்க பேர் போட்டிருக்கே?"

சில்யெ என்னைப் பார்த்தார். பெயரை நீக்குவதா என்பதற்கு அவருக்கும் விடை தேவையாக இருந்தது.

"ஓம்" என்றேன். "அது என்ரை மிளகு."